குருவம்மாவின் பெயரில் ஒரு வீடு

முப்பத்தாறு வயதில் ‘நான் ஓய்வு பெற்றவள்’ என்று தொடங்கினால் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கட்டடக் கலைஞராக ஒன்பது வருடம் வேலை செய்தேன், விட்டுவிட்டேன், திரும்பிப் போவதாக இல்லை. இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. இப்போது ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் பிழையாகப் போட்ட கணக்கை அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம். அந்த வசதி என் பழைய வேலையில் இருக்கவில்லை.

போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நன்கொடைப் பணத்தில் வெளிநாடுகளில் வீடு கட்டிக்கொடுக்கிற என் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மதுமிதா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, ஒஸ்லோவுக்கு வந்து இரண்டு வருடம்.

“அக்கா, உங்க பழைய சீட்லதான் உக்காந்திருக்கேன். டிராயர்ல உங்க ஸ்கேல் இன்னும் கெடக்கு, தெரியுமா?”

“அதை நீரே வைச்சிரும்.”

“ஐயோ, ‘நீர்’ங்கறீங்க, கேக்கவே ஜம்முனு இருக்கு. அக்கா, அந்தச் செஞ்சு ஜனங்க ப்ராஜெக்ட் ஃபைல் முழுக்கப் படிச்சுட்டேன். செம! இப்ப வேற எடத்துல அதே மாதிரி பண்ணப் போறாங்க. வீடு பொம்பளைங்க பேர்லன்னு ஒரு படிவம் இருக்கே, அதை அப்படியே எடுத்துக்கலாம்ல?”

“எடுக்காதையும்” என்றேன்.

“ஏன்க்கா?”

அந்த ‘ஏன்’ தொலைபேசியில் சொல்லி முடிகிற ஒன்றல்ல. சனிக்கிழமை குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு வரச்சொன்னேன். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படித்த கதை சுருக்கமானது. ஒஸ்லோவில் பிறந்தேன், துரொண்ட்ஹைமில் ஐந்து வருடம் கட்டடக் கலை படித்தேன். கடைசி வருடம் ‘நடமாடும் மக்களின் வீடுகள்’ என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். எழுதும்போது அப்படி ஒரு மனிதரைக்கூட நான் சந்தித்திருக்கவில்லை. நல்ல புள்ளி கிடைத்தது. அதைப் பார்த்துத்தான் ஒய்விந்த் என்னை வேலைக்கு எடுத்தார்.

ஒய்விந்த் என் மேலதிகாரி. அறுபதைத் தாண்டியவர், ஒடுங்கிய மனிதர். எங்கே இருந்தாலும் பதினொன்றரைக்குப் பையைத் திறந்து, மெழுகுத்தாளில் சுற்றிய பாண் துண்டை எடுப்பார். அதற்கு மேல் மண்ணிறப் பாற்கட்டி. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கேள்வியையும் ஒருமுறைதான் கேட்பார். பதில் வந்தாலும் வராவிட்டாலும் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி மூடிவிடுவார். முதல் வருடம் முழுவதும் இதை நான் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

எங்களுக்குக் கிடைத்த வேலை ஆந்திராவில், நல்லமலைக் காட்டில். அங்கே செஞ்சு மக்கள் இருக்கிறார்கள். கிழங்கு தோண்டுவது, தேன் எடுப்பது, வேட்டை என்று காட்டோடு வாழ்ந்தவர்கள், இன்னும் பாதி அப்படியே வாழ்கிறவர்கள். அவர்களுடைய குடியிருப்புக்குப் பெண்டா என்று பெயர். ஏழெட்டுக் குடிசைகள், அவ்வளவுதான். வட்டமான மூங்கில் தட்டிச் சுவர், கூம்பாகப் புல்வேய்ந்த கூரை, குனிந்து நுழைகிற வாசல். நாங்கள் போன பெண்டாவுக்குப் பக்கத்தில் யாரோ எப்போதோ கட்டிக்கொடுத்த சீமெந்து வீடுகள் இரண்டு வரிசையில் நின்றன. அவற்றில் ஆடுகள் குடியிருந்தன. மனிதர்கள் தங்கள் குடிசைகளில் இருந்தார்கள்.

“பாத்தீங்களா மேடம், ஆடுங்க மட்டும் பக்கா வீட்ல” என்றார் ரமணா. இவர் எங்கள் மொழிபெயர்ப்பாளர். சித்தூர்க்காரர், தெலுங்கும் தமிழும் ஒரே வேகத்தில் பேசுவார். ஆமாம் என்பதற்கு நான் ‘ஓம்’ என்று சொல்லும்போதெல்லாம் பூசை தொடங்கப்போகிறதோ என்று பயமாக இருக்கிறது என்று கேலி செய்வார்.

அந்த ஆடுகளைப் பார்த்து எனக்கு உற்சாகம் பொங்கியது. நாங்கள் அந்தப் பிழையை விடமாட்டோம் என்று நினைத்தேன். முதல் நாளே தாளை விரித்தேன்.

ஒய்விந்த் தாளைச் சுருட்டி என் கையில் தந்தார். “மூன்று நாள் காலை சும்மா பார். பேனா இல்லாமல்” என்றார்.

மூன்று காலையும் ஒரு புளியமரத்தடியில் சும்மா இருந்தோம். எனக்குக் கால் துடித்தது. நாலாம் நாள் அவர் ஒரு கயிற்றை எடுத்தார், ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. அளவுநாடாவை அவர் ஊருக்குள் எடுக்க விடமாட்டார். நாடாவைக் கண்டால் நிலம் பறிக்க வந்த ஆள் என்று நினைப்பார்கள், அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது என்பார். கயிற்றின் ஒரு முனையை அந்த வீட்டுக்காரரிடமே கொடுத்து, பிடிக்கலாமா என்று கேட்பார். பிடித்தால் அளப்போம், மறுத்தால் கும்பிட்டுவிட்டு அடுத்த வீடு. அளந்த பிறகு உள்ளே போக அனுமதி கேட்பார். போனதும் மேலே பார்ப்பார்.

“கூரையின் உள்பக்கத்தைப் பார்” என்று எனக்குச் சொல்லித் தந்தார். “அடுப்புக்கு மேலே எவ்வளவு கறுப்பு இருக்கிறது, பார். எத்தனை மழைக்காலம் அங்கே சமைத்தார்கள் என்று அதில் இருக்கும். பிறகு அடுப்பைப் பார். அதற்குப் பிறகுதான் மனிதர்களிடம் கேள்.”

எங்களுக்குக் கயிறு பிடித்த முதல் ஆள் குருவம்மா. முப்பது வயது இருக்கலாம், என்னைவிடக் கொஞ்சம் கூட. அவளுக்கு ஒரு செம்மண் நிற நாய் இருந்தது. அவள் கிழங்கு தோண்டப் போனால் அதுவும் போகும். பதினொன்றரைக்கு ஒய்விந்த் பாணை எடுத்து அவளுக்கும் ஒரு துண்டு நீட்டினார். அவள் பாற்கட்டியைக் கடித்தாள், முகம் கோணியது, நாய்க்குப் போட்டாள். நாய் அதை விழுங்கிவிட்டு ஒய்விந்தின் காலடியில் படுத்தது. அந்த வேலை முடியும்வரை அது அவர் பின்னாலேயே திரிந்தது.

“நாயை உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரான்னு குருவம்மா கேக்குது மேடம்” என்றார் ரமணா.

“குளிர்லை செத்துப்போகும் எண்டு சொல்லுங்கோ.”

குருவம்மா அதைக் கேட்டு, “அப்போ இவர் ஏன் சாகலை?” என்றாளாம். ரமணா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பெண்டாவே சிரித்தது.

குடிசைகள் ஒன்றுக்கொன்று விலகி நின்றன. சில விலகல் இருபது முடிச்சு, சில ஐம்பது. ஏன் அவளுடைய குடிசையும் பக்கத்துக் குடிசையும் இத்தனை தூரம் என்று ஒய்விந்த் கேட்டார்.

குருவம்மா சொன்னதை ரமணா இப்படித் தந்தார்: “அது அவ புருஷனோட அக்கா வீடு. அந்தம்மா திட்டறது காதுல விழணும். ஆனா பதில் சொல்ற அளவுக்குக் கிட்ட இருக்கக் கூடாது.”

இரண்டு குடிசைகளுக்கு நடுவே வட்டமான ஒரு வெற்று நிலம் கிடந்தது. கம்பு நட்ட குழிகள் இன்னும் தூர்ந்திருக்கவில்லை. அது யாருடையது என்று கேட்டோம். அங்கே இருந்தவர்களுக்குள் மனக்கசப்பு, மனைவியின் சொந்தக்காரர் இருக்கும் பெண்டாவுக்குப் போய்விட்டார்கள் என்றாள். திரும்பி வருவார்களா? வந்தாலும் வருவார்கள். புதிதாக ஒன்றைக் கட்ட எத்தனை நாள்? ஆள் இருந்தால் இரண்டு நாள்.

ஒய்விந்த் அந்த வட்டத்தருகே வெகுநேரம் நின்றார். நான் என் வரைபடத்தில் அதை ‘காலி இடம், புதிய வீட்டுக்கு ஏற்றது’ என்று குறித்தேன்.

ஒஸ்லோவுக்குத் திரும்பி, நன்கொடை தருகிறவர்களோடு கூட்டம். அவர்களுடைய கவலை நியாயமானது. கட்டிய வீட்டில் திரும்பவும் ஆடு குடியேறக்கூடாது. ஆகவே ஒரு நிபந்தனை. வீட்டுக்கு ஒருவர் பெயர், அந்த ஒருவர் ஐந்து வருடம் அதே வீட்டில் வசிக்கவேண்டும், வருடம் ஒருமுறை நாங்கள் போய்ப் பார்ப்போம். இல்லாவிட்டால் வீடு வேறு குடும்பத்துக்கு.

யாருடைய பெயரில் என்று கேள்வி வந்ததும் நான் கையை உயர்த்தினேன். எங்களுடைய ஆட்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்று சொன்னேன். யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மாவுக்கும் அம்மாவுக்கும் வீடுதான் காலுக்குக் கீழே இருந்த தரை, ஆண்கள்தான் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள் என்று சொன்னேன். அந்த வீடு சீதனம், காசு பார்க்கிற கல்யாணச் சந்தையின் ஒரு பகுதி என்பதைச் சொல்லவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களின் முகம் மலர்ந்தது. ஒருவர் மேசையில் தட்டினார்.

ஒய்விந்த் கேட்டார்: “அவள் இடம் மாறினால்?”

“வீடு சொந்தமாக இருக்கிறவள் ஏன் இடம் மாறப் போகிறாள்?” என்றேன் நான்.

சிரிப்பு எழுந்தது. அவர் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார். மூடினார்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் இருக்கும் எங்கள் வீட்டை ஏற்கனவே என் பெயரில் எழுதி வைத்திருப்பவர் அவர்.

“பொம்பிளையளின்ரை பேரிலையோ? நல்ல வேலை செய்தனி” என்றார். பிறகு, “அதுகளும் எங்களை மாதிரித்தான் போலை” என்றார்.

“ஓம் அம்மா, அப்படித்தான்” என்றேன். மூன்று காலை சும்மா இருந்து நான் கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

வீடுகள் நன்றாகவே வந்தன. இதை ஒளிக்க வேண்டியதில்லை. வட்டமாகவே கட்டினோம், கல் அடித்தளம், மண் பூசிய மூங்கில் சுவர், கூரைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த புல். ஒவ்வொரு வீட்டுக்கும் இடையில் பழைய தூரத்தை முடிச்சுப் பிசகாமல் வைத்தோம். வாசலுக்கு மேலே ஒரு சிறு பலகையில் அந்த வீட்டுப் பெண்ணின் பெயர். அது என் யோசனை. குருவம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ரமணா வாசித்துக் காட்டினார்.

“மழைல அழியாதான்னு கேக்குது மேடம்.”

“அழியாது” என்றேன் பெருமையாக. “எனாமல் பெயின்ற்.”

ஒரு வருடம் கழித்துப் போனேன். ஒய்விந்த் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார், நானும் ரமணாவும்தான். குருவம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள், தலைக்கு மேலே அவள் பெயர். படம் எடுத்தேன். படிவத்தில் ‘இந்தப் பெண் இந்த வீட்டில் வசிக்கிறாரா?’ என்ற இடத்தில் ‘ஆம்’. அந்தப் படம் எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. அடுத்த வருடமும் போனேன். அதே வாசல், அதே சிரிப்பு, ஆம். அவள் கால்கள் முழங்கால்வரை செம்மண்ணாக இருந்ததைக் கவனித்தேன். கிழங்கு தோண்டிவிட்டு வந்திருக்கிறாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நாயைக் காணவில்லை. கேட்கவில்லை, படிவத்தில் நாய்க்கு இடம் இல்லை.

மூன்றாம் வருடம் மழை தூறியது. குருவம்மா வாசலை விட்டு நகர்ந்து வழி விட்டாள். இரண்டு வருடமாக வாசலிலேயே நின்று படம் எடுத்துவிட்டுப் போன நான் அன்றைக்குத்தான் உள்ளே போனேன். பழைய பழக்கம், மேலே பார்த்தேன்.

கூரைப் புல்லில் கறுப்பு இல்லை. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் மெல்லிய ஒரு மங்கல், சில மாதச் சமையல், அதற்கு மேல் இல்லை. கீழே பார்த்தேன். மூன்று அடுப்புக் கல்லையும் சேர்த்துக் கறையான் புற்று எழுந்திருந்தது. ஒரு கோடு சுவர் வழியாக ஏறிக் கூரை வரைக்கும் போயிருந்தது. புகை படாத கூரையைக் கறையான் தின்றிருந்தது. கையால் தொட்டேன், தூளாகக் கொட்டியது.

வெளியே வந்து ரமணாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“ரமணா அண்ணா, இவ இஞ்சை இருக்கிறாவோ?”

“இல்ல மேடம்.”

“எவ்வளவு காலமா?”

“கட்டி அஞ்சாறு மாசத்துலயே போயிடுச்சு. அண்ணன் பெண்டாவுக்கு. அரை நாள் நடை. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் வந்து உக்காரும்.”

“உங்களுக்குத் தெரியுமே?”

“எல்லாருக்கும் தெரியும் மேடம்.” அவர் குரலில் குற்றம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “நீங்க கேக்கவே இல்லையே.”

அதற்குப் பிறகுதான் கேட்டேன். புளியமரத்தடியில் அவளும், அவள் புருஷன் லிங்கய்யாவும், நாங்கள் இரண்டு பேரும். சண்டை பெரியது இல்லை. லிங்கய்யா அந்தச் செம்மண் நாயை ஒரு தேன் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு ஒரு டோர்ச் லைற் வாங்கியிருக்கிறான். அவளைக் கேட்கவில்லை. அவள் கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

“முன்னெல்லாம் எப்படி?” என்று கேட்டேன்.

ரமணா இரண்டு பேரிடமும் மாறி மாறிக் கேட்டுச் சொன்னார். முன்பெல்லாம் பெண் போய்விட்டால் புருஷன் ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருப்பான். பிறகு ஒரு குடுவை தேனோடு பின்னாலே போவான். மச்சானோடு இரண்டு நாள் மூங்கில் வெட்டி, அங்கேயே ஒரு குடிசை போடுவான். கோபம் ஆறினால் திரும்பி வருவார்கள், ஆறாவிட்டால் அங்கேயே இருப்பார்கள். யாருக்கும் ஒன்றும் குறையாது.

“பிறகு ஏன் இவர் போகேல்லை?”

லிங்கய்யா முதல்முறையாக வாயைத் திறந்தான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக.

“‘நான் போனா வீடு காலி. வீடு காலின்னா இந்த வெளியூர்ப் பொண்ணு படிவத்துல எழுதிக்கும். ஒரு வீட்டை எழுதினா எல்லார் வீட்டையும் புடுங்குவாங்கன்னு பெரியவங்க சொல்றாங்க’ன்னு சொல்றான் மேடம். அவனும் உள்ள படுக்கறதில்ல. வாசல்ல படுத்துக் காவல் காக்கறான். சாப்பாடு அக்கா வீட்ல.”

எல்லார் வீட்டையும் பிடுங்குவோம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிடுங்கமாட்டோம் என்றும் சொல்லவில்லை.

அவர்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டதா என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறினேன். ரமணாவுக்குப் புரிந்தது. “இல்ல மேடம். தேன் காலத்துல பாறைல கயிறு விட்டு எறங்கறப்ப, மேல கயிறு புடிக்கறது பொண்டாட்டியோட அண்ணன்தான். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாதுன்னு நெனைக்கறவன் கையிலதான் கயிறு. இந்த மூணு வருஷமும் அந்த அண்ணன் நடந்து வந்து இவனுக்குக் கயிறு புடிச்சிருக்கான்.”

அரைநாள் நடந்தால் தீர்ந்திருக்க வேண்டிய ஒரு கோபத்தை நான் மூன்று வருடம் வாசலில் கட்டி வைத்திருந்தேன்.

குருவம்மா என்னை நேராகப் பார்த்து ஏதோ சொன்னாள். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்தினார்கள்.

“என்னவாம்?”

ரமணா தயங்கினார். “‘இந்தப் பொண்ணு வருஷா வருஷம் கடல் தாண்டி வந்து நான் வீட்ல இருக்கேனான்னு பாக்குதே, அது வீட்ல யாரு இருக்கா?’ன்னு கேக்குது.”

நானும் சிரித்தேன். லோறென்ஸ்கூக்கில் என் பெயரில் இருந்த வீட்டில் அப்போது ஒருவரும் இருக்கவில்லை. நான் விமான நிலையங்களில் திரிந்தேன், அம்மா தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தார்.

பிறகு அவள் எழுந்து போய் வாசல் பலகையைக் காட்டினாள். இந்தமுறை சிரிக்கவில்லை. “‘என் பேரை அழிச்சுடு. அவன் அக்கா பேர் போடு, யார் பேரோ போடு. அவனை விட்டுடு, வரட்டும்’னு சொல்லுது.”

“ஒரு மாசத்திலை சரிப்படுத்துறன் எண்டு சொல்லுங்கோ” என்றேன். படிவத்தை நிரப்பாமல் பையில் வைத்தேன்.

இதற்கு மேல் நடந்தது ஒஸ்லோவில். புதிய தலைவி கெட்டவர் இல்லை. ஒரு பெயரை மாற்றினால் எல்லா ஒப்பந்தத்தையும் திரும்பத் திறக்கவேண்டும், மற்றப் பெண்களுக்கு இருக்கிற பாதுகாப்பும் போகும் என்றார். பழைய கூட்டக் குறிப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். ‘வீடு சொந்தமாக இருக்கிறவள் ஏன் இடம் மாறப் போகிறாள்?’ பக்கத்தில் என் பெயர். “நல்ல வாதம். உன்னுடையதுதானே” என்றார். “இன்னும் இரண்டு வருடம்தான்.”

என் கையில் ஒரு வழி இருந்தது. ‘இல்லை’ என்று எழுதுவது. வீடு போகும், அந்தக் காவலும் போகும், லிங்கய்யா ஒரு குடுவைத் தேனோடு நடந்துவிடுவான். மற்ற வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் ஒரு கடிதம் எழுதியிருந்தால் பெரியவர்களும் விட்டிருப்பார்கள். ஆனால் அது அட்டைப்படத்தில் இருந்த வீடு. அந்தக் கோடையில் பிரிவின் பொறுப்பை எனக்குத் தருவதாகப் பேச்சு இருந்தது.

‘ஆம்’ என்று குறித்தேன்.

அடுத்த வருடம் நான் போகவில்லை. பொறுப்பு கிடைத்துவிட்டது, வேறு ஒருவரை அனுப்பினேன். அவர் ‘ஆம்’ என்று கொண்டுவந்தார். அதற்கடுத்த வருடமும்.

இடையில் ஒருமுறை ஒய்விந்தைப் பார்க்கப் போனேன். பதினொன்றரை, பாண் துண்டோடு இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த வருடத்துக் குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். ‘அவள் இடம் மாறினால்? கேட்டேன். சிரித்தார்கள்.’ அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

“அந்த வெற்று வட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தெரியும்” என்றார். “ஒருமுறை கேட்டேன், என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். நாற்பது வருடம் அப்படித்தான் நினைத்தேன்.” பிறகு கேட்டார்: “நீ ‘இல்லை’ என்று எழுதியிருக்கலாமே?”

அந்தக் குறிப்புப் புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளினேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. நாயைப் பற்றி மட்டும் விசாரித்தார்.

ஐந்து வருடம் முடிந்தது. அதன் பிறகு ரமணா ஒரு குரல்பதிவு அனுப்பினார். அதைக் கேட்ட அடுத்த கிழமை வேலையை விட்டேன்.

சனிக்கிழமை குறொன்லாண்டில், கறிவேப்பிலை வாங்குகிற கடைக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில், மதுமிதா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். புதிய திட்டத்தின் படங்கள் திரையில் சுழன்றன. வட்ட வீடுகள், அழகாக இருந்தன. நான் இன்னும் ஒன்றும் சொல்லத் தொடங்கவில்லை.

“மதுமிதா, அவ இடம் மாறினா?”

“யாருக்கா?”

“வீடு ஆரின்ரை பேரிலையோ அவ.”

“ஏன்க்கா மாறப் போறாங்க? சொந்த வீடாச்சே!” பிள்ளை பளிச்சென்று சிரித்தாள். அதே வேகம், ஏறக்குறைய அதே சொற்கள்.

“அவ இடம் மாறினா?” என்று திரும்பக் கேட்டேன்.

சிரிப்பு மெல்ல நின்றது. அவள் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பி ஆறியது. சொல்லி முடித்தபோது அவள் படிவத்தைத் திரையில் கொண்டுவந்து, அந்தக் கேள்விக்கு நேரே சுட்டியை வைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்ப இந்தக் கட்டத்துல என்னக்கா போடறது?”

“எனக்குத் தெரியாது. நீர் அங்கை போய் மூன்று காலை சும்மா இரும். ஆனா இதைக் கேட்டிட்டுப் போம்.”

தொலைபேசியை மேசையில் வைத்து ரமணாவின் பதிவைப் போட்டேன். அவருடைய குரலுக்குப் பின்னால் எங்கோ ஒரு நாய் குரைத்தது.

“மேடம், வணக்கம். அஞ்சு வருஷம் முடிஞ்சுச்சுல்ல. லிங்கய்யா மறுநாளே வீட்டைப் பூட்டிச் சாவியை அக்காகிட்ட குடுத்துட்டு, தேன் எடுத்துக்கிட்டு நடந்துட்டான். ஆனா மேடம், குருவம்மா போன மழைக்கு முன்னாடியே அங்க வேற ஒருத்தனோட அடுப்பு வெச்சிருச்சு. எவ்ளோ நாள்தான் பாக்கும், சொல்லுங்க. யாரும் சண்டை போடல. லிங்கய்யா மேல யாருக்கும் கோபமும் இல்ல. இருந்துட்டுப் போன்னு சொன்னாங்க. குருவம்மாவே அவனுக்கு ஒரு நாய்க்குட்டி குடுத்திருக்கு. அந்தப் பெண்டா ஓரத்துலயே தனியா ஒரு குடிசை போட்டிருக்கான், அண்ணன்காரன்தான் மூங்கில் வெட்டிக் குடுத்தான். எவ்ளோ தூரத்துலன்னு நீங்க கேப்பீங்க, அதான் நானே போய் நின்னு பாத்தேன். அவ கூப்பிட்டா அவனுக்குக் கேக்கும் மேடம். அவ சமைக்கற வாசனை வராது.”